லாரி ஆபீஸ் வேலையா என்று கேட்பவர்களிடம் சொல்

"பையன் என்ன பண்றான்?"

"லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில இருக்கான்."

"ஓ, லாரி ஆபீஸா?"

கல்யாண வீட்டுப் பந்தியில் இந்தக் கேள்வி விழுந்ததும் பெற்றவர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். பிள்ளை தலையைக் குனிகிறான். ஐ.டி., பேங்க், அரசு வேலை என்று சொல்லும்போது உயர்கிற குரல், கிடங்கு, சரக்கு, துறைமுகம் என்று சொல்லும்போது தொண்டைக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. தம்பி, தங்கச்சி, நான் கேட்கிறேன்: ஏன் குனிய வேண்டும்? அந்தப் பந்தியில் விரித்த இலை, இலையில் விழுந்த சோறு, சோறு வெந்த கேஸ், பெண் கட்டியிருக்கும் பட்டு, மேடையில் எரியும் விளக்கு, எல்லாவற்றையும் யாரோ ஏற்றினார்கள், யாரோ ஓட்டினார்கள், யாரோ கணக்கு வைத்தார்கள், யாரோ முகூர்த்தத்துக்கு முன்னால் இறக்கினார்கள். பொருளைச் செய்தவரை மதிக்கிறோம். விற்றவரை மதிக்கிறோம். நடுவில் கொண்டுவந்து சேர்த்தவரின் முகம் மட்டும் யாருக்கும் ஞாபகம் இல்லை. இது அநியாயம். இந்த அநியாயத்தை நீயும் நம்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

சரக்குப் போக்குவரத்து இந்த மண்ணில் சிறுமையான தொழிலாக இருந்ததே இல்லை. 1906-ல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி என்ன கம்பெனி? தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆளையும் சரக்கையும் கொண்டுசெல்லும் கம்பெனி. வக்கீல் தொழிலில் நல்ல வருமானம் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய், 40,000 பங்குகள், பத்து லட்சம் ரூபாய் மூலதனம் என்று கணக்குப் போட்டு, ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டினார். காலியா, லாவோ என்ற கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். எதிரே நின்ற ஆங்கிலேயக் கம்பெனி அவரை ஒழிக்கக் கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. 1908-ல் அவரைச் சிறையில் தள்ளினார்கள். 1911-ல் கம்பெனியும் கலைந்தது. ஒரு சாம்ராஜ்யம் எதைக் கண்டு இவ்வளவு பயந்தது? சரக்கு போகும் வழியைக் கையில் எடுத்த ஒரு தமிழனைக் கண்டு பயந்தது. வழி யார் கையில் இருக்கிறதோ வணிகம் அவர் கையில் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் துறைமுகத்துக்கு 2011-ல் அவர் பெயரையே வைத்தார்கள். அதன் வாசலில் வேலை கேட்டு நிற்பவன் கூனிக் குறுகலாமா?

இப்போது வேலையைப் பார்ப்போம். "லாஜிஸ்டிக்ஸில் என்ன இருக்கிறது, ஏற்றுவது இறக்குவதுதானே?" என்று கேட்பவர்களுக்காக ஒரே ஒரு பனியன் போகும் பாதையைச் சொல்கிறேன். நிதானமாகப் படி. ஒவ்வொரு வளைவிலும் ஒரு வேலை நிற்கிறது.

திருப்பூரில் ஒரு ஆர்டர் தயார். ஐரோப்பாவுக்குப் போக வேண்டும். அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, எந்தப் பெட்டியில் எந்த அளவு, எந்த நிறம், எத்தனை என்று பேக்கிங் லிஸ்ட் போடுகிறார்கள். இன்வாய்ஸ் தயாராகிறது. ஃபார்வர்டர் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எந்தக் கப்பலில் இடம் இருக்கிறது, என்ன வாடகை என்று பேசி முன்பதிவு செய்கிறார். சி.எச்.ஏ. என்ற சுங்கத் தரகர் ஆபீஸில் இன்னொருவர் சுங்கத் துறையின் இணையதளத்தில் ஷிப்பிங் பில் தாக்கல் செய்கிறார். சரக்கின் வகையைக் குறிக்கும் எச்.எஸ். எண் எது என்று பார்த்துப் போடுவது அவர் பொறுப்பு. எண் தவறினால் வரிச் சலுகை தவறும், அபராதம் வரும். யார்டிலிருந்து காலிக் கன்டெய்னரை எடுத்து டிரெய்லரில் ஏற்றி அனுப்ப ஒருவர். அது ஓட்டை இல்லாமல், ஈரம் இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்க ஒருவர். இடம் வீணாகாமல் பெட்டிகளை உள்ளே அடுக்கி, சீல் வைக்க ஒருவர். அடைத்த கன்டெய்னரின் எடையைச் சரிபார்த்து அறிவித்தால்தான் கப்பலில் ஏற்றுவார்கள். 2016 ஜூலையிலிருந்து இது உலகம் முழுவதற்குமான விதி. எடை தப்பானால் கப்பலின் சமநிலையே கெடும்.

பிறகு டிரைவர். துறைமுக வாசல் அடைக்கும் நேரத்தைக் கட்-ஆஃப் என்பார்கள். அதற்குள் வண்டி உள்ளே போக வேண்டும். வழியில் டயர் வெடித்தது, மழை, மறியல் என்று சொல்லிக்கொண்டு நின்றால் கப்பல் போய்விடும். அடுத்த கப்பல் ஒரு வாரம் கழித்து. வெளிநாட்டு வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார், "விமானத்தில் அனுப்பு, செலவு உன்னுடையது" என்பார். விமானக் கட்டணம் கட்டினால் அந்த ஆர்டரின் லாபமே கரைந்துபோகும். ஆயிரம் தையல் மெஷின்கள் இரவு பகலாக ஓடியதன் பலன் கடைசியில் ஒரு டிரைவரின் கையிலும், அவருக்கு மாற்று வண்டி பிடித்துக் கொடுக்கும் ஒரு கன்ட்ரோல் ரூம் பிள்ளையின் செல்போனிலும் வந்து நிற்கிறது. இதையா "ஏற்றுவது இறக்குவதுதானே" என்கிறார்கள்?

தூத்துக்குடியிலிருந்து ஃபீடர் கப்பல், பெரும்பாலும் கொழும்புக்கு. அங்கே தாய்க்கப்பலுக்கு மாற்றுகிறார்கள். அது வழக்கமாக சூயஸ் வழியாக ஐரோப்பா போகும். இதற்கிடையில் கப்பல் கம்பெனி கொடுக்கும் பில் ஆஃப் லேடிங் என்ற காகிதம் வங்கிக்குப் போகிறது. பெறுபவர் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் வங்கி பணத்தை நிறுத்தி வைக்கலாம். அந்த எழுத்தைச் சரிபார்த்தவர் யார் தெரியுமா? பி.காம். முடித்துவிட்டு, "எனக்கு ஒன்றுமே தெரியாது" என்று பயந்துகொண்டே வேலைக்குச் சேர்ந்த ஒருவர்தான்.

அந்தப் பாதை அடைபட்டால் என்ன ஆகும்? 2021 மார்ச் 23-ந் தேதி எவர் கிவன் என்ற 400 மீட்டர் நீளக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கியது. ஆறு நாள். உலகமே தவித்தது. அதன் மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியபோது, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக வேண்டி வந்தது. பயணம் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை கூடுதலாக நீண்டது, கட்டணம் ஏறியது. அந்த நாட்களில் ஏற்றுமதியாளர்கள் தூங்காமல் யாரைத் தேடினார்கள்? மாற்று வழி தெரிந்தவர்களை. நெருக்கடி வரும்போது மதிப்பு ஏறுகிற தொழில்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று.

கிடங்குக்கு வா. 2017 ஜூலை 1-ந் தேதிக்கு முன்னால் கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒரு குடோன் வைத்திருந்தன. மாநில எல்லை தாண்டி நேராக விற்றால் மத்திய விற்பனை வரி விழும். அதைத் தவிர்க்க ஆங்காங்கே சின்னச் சின்ன குடோன்கள், தகரக் கூரை, நோட்டுப் புத்தகக் கணக்கு. ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தக் காரணம் ஒழிந்தது. எல்லைச் சோதனைச் சாவடிகளில் வண்டிகள் வரிக்காக மணிக்கணக்கில் நின்றதும் முடிந்தது. ஒரே இடத்தில் பெரிய கிடங்கு வைத்து நாலு மாநிலத்துக்கு அனுப்புவது லாபம் என்று ஆனது. அதே 2017-ல் லாஜிஸ்டிக்ஸுக்கு உள்கட்டமைப்புத் துறை என்ற அந்தஸ்தை மத்திய அரசு கொடுத்ததால் கடன் கிடைப்பது எளிதானது. பெரு முதலீடு உள்ளே வந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செங்குன்றம், மாதவரம், ஓசூர், கோவையைச் சுற்றி என்று நீ பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்க்கும் அந்த நீலமும் வெள்ளையுமான பிரம்மாண்டக் கூடாரங்கள் இப்படி எழுந்தவைதான். மப்பேட்டில் சுமார் 184 ஏக்கரில் சாலையையும் ரயிலையும் இணைக்கும் பல்முனைச் சரக்குப் பூங்காவுக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கை வந்தது. தூத்துக்குடியில் 2024 செப்டம்பரில் புதிய கன்டெய்னர் முனையம் திறந்தது. உலக வங்கி 2023-ல் வெளியிட்ட சரக்குப் போக்குவரத்துத் திறன் பட்டியலில் 139 நாடுகளில் இந்தியா 38-வது இடம். ஐந்தாண்டுக்கு முன் 44. முன்னால் 37 நாடுகள் நிற்கின்றன. அந்த இடைவெளியை அடைக்க ஆள் வேண்டும். கட்டடம் தானாகச் சரக்கை அனுப்பாது.

அந்தக் கூடாரத்துக்குள் கையில் ஸ்கேனரோடு, ரேக்கிலிருந்து சரக்கை எடுத்துக் கொடுக்கும் பிக்கிங் வேலையில் சேர்கிறவர்களில் ஒருவர் ஐந்து வருடம் கழித்தும் பிக்கிங்கிலேயே இருக்கிறார். அதே நாள் சேர்ந்த இன்னொருவர் ஷிப்ட் இன்சார்ஜ். எங்கே பிரிந்தார்கள்? நான் பார்த்தவரை ஒரே இடத்தில்தான் பிரிகிறார்கள். ஒருவர் தன் வேலையை மட்டும் செய்தார். இன்னொருவர் தன் வேலைக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடக்கப்போகிறது என்று கேட்டார். இந்தச் சரக்கு ஏன் இந்த ரேக்கில் இருக்கிறது? மருந்துப் பெட்டியில் ஏன் முதலில் வந்ததை விட்டுவிட்டு முதலில் காலாவதியாவதை எடுக்கச் சொல்கிறார்கள்? இன்வென்ட்ரி கணக்கில் பத்துப் பெட்டி குறைந்தால் யார் பதில் சொல்வது? டாக்கில் வண்டி ஏன் இரண்டு மணி நேரமாக நிற்கிறது? இப்படிக் கேட்கிறவனை முதலில் "தொல்லை" என்பார்கள். பிறகு அவன் இல்லாத நாளில் வேலை நின்றுவிடும். அன்றைக்கு மேனேஜர் அவன் பெயரை எழுதிக்கொள்வார்.

உன் மேசையைக் கற்றுக்கொள்வதோடு நிற்காதே. அடுத்த மேசையையும் கற்றுக்கொள். இந்தத் துறை முழுவதும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிற தொழில். கை மாறும் இடத்தில்தான் பிசகு, கை மாறும் இடத்தில்தான் நஷ்டம். அந்த இடம் தெரிந்தவனுக்கே நாற்காலி.

நம்ப முடியவில்லையா? மால்கம் மெக்லீன் என்றொரு அமெரிக்கர். விவசாயக் குடும்பம், கல்லூரிக்குப் போகப் பணம் இல்லை, பெட்ரோல் பங்கில் வேலை. பழைய லாரி ஒன்றை வாங்கி ஓட்ட ஆரம்பித்தார். பஞ்சு மூட்டைகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்விட்டு, ஒவ்வொரு மூட்டையாக லாரியிலிருந்து இறக்கிக் கப்பலில் ஏற்றும்வரை காத்துக் கிடந்ததைப் பற்றிப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மற்ற டிரைவர்களும்தான் காத்துக் கிடந்தார்கள். அவர் மட்டும், லாரியின் பெட்டியையே தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன என்று யோசித்தார். 1956 ஏப்ரல் 26-ல் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டிகளோடு நியூயார்க்குக்குப் பக்கத்து நுவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. அதுவரை டன்னுக்கு ஐந்தரை டாலருக்கு மேல் ஆன ஏற்றுக்கூலி பதினாறு சென்ட்டுக்கு இறங்கியது. உலக வணிகத்தின் முகம் மாறியது. மாற்றியவர் கப்பல் கம்பெனி வாரிசு அல்ல, லாரிக்காரர். தன் வேலை முடியும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளாத லாரிக்காரர்!

"மெஷின் வந்துவிட்டால் என் வேலை போய்விடுமே?" கேட்கிறாய். நியாயமான பயம். கன்டெய்னர் வந்தபோதும் மூட்டை தூக்கியவர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். அதை மூடி மறைத்து உனக்கு நம்பிக்கை ஊட்ட நான் விரும்பவில்லை. ஆனால் விழிஞ்ஞத்தைப் பார். கேரளக் கரையில், நம் கன்னியாகுமரி எல்லைக்குப் பக்கத்தில், 2025 மே மாதம் முறைப்படி திறந்த துறைமுகம். அங்கே தானியங்கி கிரேன்களைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து இயக்குகிறவர்களில் அந்தப் பகுதிப் பெண்கள் இருக்கிறார்கள், மீனவர் குடும்பத்துப் பெண்களும் இருக்கிறார்கள். உடல் பலம் கேட்ட வேலையை மெஷின் எடுத்துக்கொண்டது. கவனம் கேட்கிற வேலைக்குக் கதவு திறந்தது. தங்கச்சி, "இது ஆம்பளைங்க வேலை" என்று உன்னிடம் யாராவது சொன்னால் விழிஞ்ஞம் என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உன் விண்ணப்பத்தை நிரப்பு.

ஆங்கிலம் வராது என்ற பயத்தையும் இங்கேயே விடு. ஷிப்பிங் பில்லிலும் இன்வாய்ஸிலும் மெயிலிலும் திரும்பத் திரும்ப வருவது சில நூறு சொற்கள்தான். அவற்றை நோட்டில் எழுதி, தினமும் பார்த்து, பயன்படுத்திப் பழகினால் போதும். கூடவே எக்செல் கற்றுக்கொள். சும்மா தெரிந்த மாதிரி அல்ல, பத்தாயிரம் வரிக் கணக்கில் தப்பு எங்கே என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கிற அளவுக்கு. வரைபடத்தைப் பார்க்கக் கற்றுக்கொள். சேலம், நாமக்கல், மதுரை வழியாகக் கன்னியாகுமரிக்கு எந்த நெடுஞ்சாலை போகிறது, வேலூரிலிருந்து தூத்துக்குடிக்கு எது என்று கூகுளைக் கேட்காமல் சொல்லத் தெரிய வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் தாண்டி நகர்ந்தால் இ-வே பில் வேண்டும், அது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும் என்பது போன்ற விதிகளை நுனி நாக்கில் வைத்திரு. ஒரு விதியை மறந்ததால் நடு ரோட்டில் நிற்கும் வண்டிக்கு ஆகும் செலவு உன் மாதச் சம்பளத்தைத் தாண்டிவிடும்.

துறைமுகப் பக்கம் போக விருப்பமா? சி.எச்.ஏ. ஆபீஸில் சேர். எச் கார்டு என்ற அனுமதி அட்டையோடு சுங்க அலுவலகத்துக்குள் நட. ஃபைல் தூக்கிக்கொண்டு அலைவதை அவமானமாக நினைக்காதே, அந்த அலைச்சலில்தான் நடைமுறை மண்டைக்குள் ஏறும். பிறகு தேர்வு எழுதி ஜி கார்டு வாங்கு. பட்டமும் அனுபவமும் சேர்ந்ததும் சுங்கத் தரகர் உரிமத் தேர்வுக்கு உட்கார். கடினமான தேர்வுதான். தேறினால் பலகையில் உன் பெயரைப் போட்டு நீயே ஆபீஸ் திறக்கலாம். ஃபைல் தூக்கிய பையனாக நுழைந்து ஆபீஸ் முதலாளியாக ஆனவர்கள் பாரிமுனைத் தெருக்களில் இருக்கிறார்கள். படித்துக்கொண்டே தொடங்க விரும்பினால், இத்துறைக்கான தேசியத் திறன் கவுன்சிலின் தலைமையகமே சென்னையில்தான் இருக்கிறது. வேலைப் பயிற்சியோடு சேர்ந்த பட்டப் படிப்புகள் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நடக்கின்றன. கப்பலும் துறைமுகமும் பற்றி ஆழமாகப் படிக்க இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதுவும் சென்னையில். டெல்லிக்கும் மும்பைக்கும் ஓட வேண்டியதில்லை.

டிரைவர் வேலையைப் பற்றிப் பேசாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிப் பொய். நாமக்கல்லும் சங்ககிரியும் இந்தியா முழுக்கப் பெயர் வாங்கியது எப்படி? கிளீனராக ஏறி, டிரைவராகி, கடனில் ஒரு வண்டி எடுத்து, பிறகு நாலு வண்டி நிறுத்திய குடும்பங்களால். பாடி கட்டும் பட்டறையும், டேங்கர் லாரித் தொழிலும் அங்கே அப்படித்தான் வேர் பிடித்தன. இன்று அந்த ஊர்களிலேயே டிரைவருக்கு ஆள் இல்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும். தூக்கம் இல்லாத ஓட்டம், வழியில் படுக்க இடம் இல்லை, மரியாதை இல்லை. இந்தக் குறைகள் உண்மை. அவை மெல்ல அசையத் தொடங்கியிருப்பதும் உண்மை. 2025 அக்டோபர் முதல் தயாராகும் பெரிய சரக்கு வாகனங்களில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று விதி வந்துவிட்டது. கனரக வாகன உரிமம், அபாயகரமான சரக்கு ஓட்டும் பயிற்சிச் சான்று, குளிர்பதன வண்டியைக் கையாளும் பழக்கம், இந்த மூன்றும் உள்ள டிரைவர் வேலைக்காகக் கெஞ்ச வேண்டிய காலம் இது அல்ல. அவர் நிபந்தனை போடலாம். போடட்டும்!

வாசல்படியிலேயே சில எச்சரிக்கைகள். துறைமுகத்தில் வேலை, கப்பலில் வேலை என்று சொல்லி முன்பணம் கேட்கும் ஏஜென்டிடம் ஒரு ரூபாய் கொடுக்காதே. பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்று கேட்கக் கூச்சப்படாதே. கேட்டதற்காக முகம் சுளிக்கிற இடம் உனக்கான இடம் அல்ல. முதல் இரண்டு வருடம் சம்பளம் வெளியே சொல்லிப் பெருமைப்படும்படி இருக்காது, இரவு ஷிப்ட் இருக்கும், தீபாவளி சமயத்தில் ஊரே வெடி வெடிக்கும்போது நீ டிஸ்பாட்ச்சில் நிற்பாய். பைக்கில் பார்சல் கொண்டு கொடுக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு 2023-ல் நலவாரியம் அமைத்திருக்கிறது, அதில் பதிவு செய். ஆனால் அந்த பைக்கில் பத்து வருடம் உட்கார்ந்துவிடாதே. தெருவும் பின்கோடும் வாடிக்கையாளரும் உனக்குத் தெரியும், ஹப்பில் உட்கார்ந்து ரூட் போடுகிறவருக்கு உன் அளவுக்குத் தெரியாது. அந்த அறிவு உன் சொத்து. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஹப்பின் உள்ளே இருக்கும் நாற்காலியைக் கேள். ஒரு முறை மறுத்தால் மறுபடி கேள்.

நேர்காணலில் கடைசியாக, "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். பெரும்பாலோர் "ஒன்றும் இல்லை சார்" என்று எழுந்துவிடுகிறார்கள். நீ எழாதே. இந்தக் கிடங்கிலிருந்து கிளம்பும் சரக்கில் எத்தனை சதவீதம் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்கிறது என்று கேள். தாமதம் அதிகம் எந்த இடத்தில் ஆகிறது என்று கேள். சேர்ந்து ஆறு மாதம் கழித்து வேறு பிரிவில் வேலை பழக விடுவீர்களா என்று கேள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து உன் பயோடேட்டாவை மறுபடி கையில் எடுத்தால், தயங்காமல் அடுத்த கேள்வியையும் கேள்.